புளிப்புத் தண்ணீரில் எங்கள் ஊர்க் குகைகள்

மலேசியாவில் இறங்கியதும் என்னிடம் முதலில் பேசியவர் சுங்க அதிகாரி. என் பையிலிருந்து பொருளங்கா உருண்டை ஒன்றை எடுத்து மேசைமேல் தட்டிப் பார்த்தார். டங்கென்று சத்தம் வந்தது. "இது செராமிக்கா?" என்று கேட்டார். விருத்தாசலத்துக்காரி ஒருத்தியிடம் கேட்க இதைவிடப் பொருத்தமான கேள்வி இருக்க முடியாது. "சாப்பிடுவது" என்றேன். நம்பவில்லை. கடித்துக் காட்டச் சொன்னார். கடித்தேன். அந்தச் சத்தத்துக்கு வரிசையில் நின்ற ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது. பெட்டிக்குள் அதைவிடச் சந்தேகத்துக்குரிய மாதிரிக் குப்பிகளும், தண்ணீரில் கரைந்த உலோகத்தைக் காட்டும் சோதனைப் பெட்டியும் இருந்தன. அவர் அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை.

அம்மா எங்கள் ஊர் செராமிக் பேட்டையில் பொம்மைக்கு அச்சு ஊற்றுகிறவள். அப்பா அதே பேட்டையில் சூளை ஏற்றுகிறவர். இருவரும் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவர்கள். நான் விலங்கியல் படித்து, நீரில் கலக்கும் உலோகங்கள் மீன் முட்டையை என்ன செய்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

வெளியே என் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு செல்வம் அண்ணன் நின்றிருந்தார். மீன் நிலையத்தின் வண்டி ஓட்டுநர், தோட்டத்துத் தமிழர். "பசியாறிட்டீங்களா தங்கச்சி?" என்றார். என்ன கேட்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. காலைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு அழகான சொல்லை வைத்துக்கொண்டு இவர்கள் இருக்கிறார்கள், நாங்கள் 'டிபன்' என்கிறோம்.

வழியெல்லாம் செம்பனை, பாமாயில் எடுக்கும் மரம். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும், மலைமேலும், பள்ளத்திலும் அதுதான். எங்கள் பக்கம் வேப்பூர் தாண்டினால் மானாவாரிக் காடும் மக்காச்சோளமும் மாறி மாறி வரும். இங்கே கண்ணுக்கு ஓய்வே இல்லை.

"இதெல்லாம் முன்ன சதுப்புக் காடு லா" என்றார் செல்வம், அந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' போட்டு. "தண்ணி வரக்காப்பி மாதிரி இருக்கும். நாங்க அதுல குளிச்சவங்க. இப்ப கால்வாய் வெட்டி எல்லாத்தையும் வடிச்சாச்சு."

நான் வந்ததே அந்த வரக்காப்பித் தண்ணீருக்காகத்தான். அதில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன் உண்டு. உடம்பில் கறுப்புக் கோடுகள் ஓடுவதால் மீன் வியாபாரிகள் அதற்கு அதிமதுரத்தின் ஆங்கிலப் பெயரை வைத்திருக்கிறார்கள். நானும் அதிமதுர மீன் என்றே எழுதுகிறேன். ஜொகூரில் ஒரு சின்னச் சதுப்பில் இருந்த கூட்டத்தை, அந்தச் சதுப்பு தோட்டமாவதற்கு முன்னால் நிலையத்துக்காரர்கள் அள்ளி வந்து காப்பாற்றினார்கள். இப்போது அந்தச் சதுப்பு இல்லை. அந்தக் கூட்டத்தில் மிஞ்சியவை நிலையத்துத் தொட்டிகளில் இருப்பவை மட்டுமே. அவற்றுக்கும் வயதாகிறது. குஞ்சு பொரித்தாக வேண்டும்.

இந்த மீன் குகைக்குள்தான் முட்டையிடும். பெண் மீன் குகையின் கூரையில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். ஆண் மீன் உள்ளேயே நின்று காவல் காக்கும். நிலையத்தின் தலைவர் டாக்டர் லிம்மை ஒரு கருத்தரங்கில் சந்தித்தபோது, கட்டைவிரல் நுழையும் அளவில் மண் குகை எங்கும் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டார். நான் அவரை அதற்குமேல் பேச விடவில்லை. "எங்கள் ஊரில் அதைவிடச் சின்ன விநாயகருக்குத் தும்பிக்கை வைப்பார்கள்" என்றேன். அம்மாவிடம் அளவு சொன்னேன். வண்ணம் கூடாது, வெறும் மண்ணாக வேண்டும் என்றும் சொன்னேன். ஒரு பெட்டி நிறையக் குகைகள் ஜொகூருக்குப் போயின. எங்கள் பேட்டையிலிருந்து அகல்விளக்கு போகாத ஊரில்லை. ஆனால் ஒரு மீனுக்கு வீடு போனது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு வந்த பருவத்தில் மீன்கள் குகைகளில் முட்டையிட்டன. முட்டைகள் ஒவ்வொன்றாக வெளுத்துச் செத்தன. தண்ணீரில்தான் ஏதோ கலந்திருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று லிம் எழுதினார். அதனால் வந்தேன்.

முதல் நாள் நிலையத்தைச் சேர்வதற்குள் வண்டி சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. கரி போன்ற சதுப்பு மண், மேலே காய்ந்தது போலிருக்கும், கீழே கூழ். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கித் தள்ளினேன். செல்வம் பதறினார். "டாக்டர் மேடம் தள்ளக் கூடாது லா, எனக்குத்தான் திட்டு விழும்." மணிமுத்தாற்று மணலில் மாட்டிய மாட்டுவண்டியைத் தள்ளிய தோள் இது என்று சொன்னேன். வண்டி ஏறியது. சேறு அப்பிய முழங்காலோடு நான் லிம்மிடம் கை குலுக்கினேன். ஐம்பதைத் தாண்டிய, மெதுவாகப் பேசும் மனிதர். என் காலைப் பார்த்துவிட்டு, "சதுப்பை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது" என்றார்.

தொட்டிகளைக் கவனிக்கிறவள் அஸ்லினா. என் வயதுதான் இருக்கும். ஒவ்வொரு ஆண் மீனையும் கோட்டை வைத்தே அடையாளம் சொல்வாள். தண்ணீரை மழைநீரில் தயாரிக்கிறார்கள். அதில் காய்ந்த வாதாங்கொட்டை இலைகளைப் போட்டு ஊறவைத்தால் தண்ணீர் பழுப்பாகிப் புளிப்பேறும். அந்தச் சதுப்பின் புளிப்பு இல்லாவிட்டால் இந்த மீன் முட்டையிடாது. எங்கள் பள்ளிக்கூட வாசலில் நாங்கள் கொட்டையை உடைத்துத் தின்றுவிட்டு இலையைக் கூட்டித் தள்ளிய அதே மரம். இங்கே இலைக்குத்தான் மரியாதை.

"எவ்வளவு புளிப்பு?" என்று கேட்டேன்.

"மோர் அளவுக்கு" என்றாள். நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினோம். அவள் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

ஒரு குகையை டார்ச் அடித்துக் காட்டினாள். வாசலில் ஆண் மீன் துடுப்பை விரித்து நின்றது. அதன் தலைக்கு மேல் கூரையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். "செத்த முட்டை. ஆனால் இவனுக்குத் தெரியவில்லை. இன்னும் நகர மாட்டேன் என்கிறான்."

மத்தியானம் உணவுக்கூடத்தில் அசாம் பெடாஸ் கிடைத்தது. பெயர்தான் புதிது, புளியைக் கரைத்து, காரம் வைத்து, மீனைப் போட்டுக் கொதிக்கவிட்டால் அது எங்கள் வீட்டு மீன்குழம்பேதான், வெண்டைக்காய் மட்டும் அதிகம். எவர்சில்வர் கிண்ணத்தில் கொடுத்தார்கள். மனம் நிறைந்து சாப்பிட்டேன். எங்கள் வீட்டிலும் புளிக்குழம்பு எவர்சில்வரில்தான். அம்மா செய்யும் பூப்போட்ட கிண்ணங்கள் அலமாரியில் வரிசையாக இருக்கும், அவற்றில் புளிப்பு எதையும் ஊற்ற விடமாட்டாள். ஊறுகாய்கூட வைக்க மாட்டாள். பேட்டையில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். கிளேஸ், அதாவது பளபளப்புக்குப் பூசிச் சுடும் அந்தக் கண்ணாடிப் பூச்சு, புளிப்பில் கசியும் என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை, பழக்கத்திலேயே தெரியும்.

பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் மலாயில் பேசிச் சிரித்தார்கள். அஸ்லினா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். செல்வத்திடம் என்னவென்று கேட்டேன்.

"அந்தப் புள்ளக்கி சூட்டுக் கையாம். அவ தொட்டா எதுவும் வெளங்காதாம். குளிர்ந்த கைக்காரி ஒருத்திய தொட்டிக்கு விடணும்னு பேசுறாங்க."

"நம்ம ஊர்ல கைராசின்னு சொல்லுவோம்ணே."

"எங்க போனாலும் இதான் லா. மீனு செத்தா பொம்பளக் கை."

லிம்முக்கு இந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவருக்கு நாட்கள் குறைவாக இருந்தன. காரணம் தெரியாவிட்டால் அந்த வாரக் கடைசியில் எல்லா மீன்களையும் வேறு மாநிலத்திலுள்ள நிலையத்துக்கு மாற்றிவிட முடிவு செய்திருந்தார். வயதான மீன்கள் அந்தப் பயணத்தைத் தாங்குமா என்று கேட்டேன். "தாங்காது என்றுதான் நினைக்கிறேன்" என்றார். "இங்கே வைத்திருந்தாலும் குஞ்சு இல்லை."

எனக்கு அப்போதே ஒரு பதில் தயாராக இருந்தது. குகைகள் வந்த அதே மாதத்தில் மழைநீர் பிடிக்கும் கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார்கள். தகரத்திலிருந்து துத்தநாகம் கழுவி இறங்கியிருக்கும். இதைப் பலகையில் படம் போட்டு லிம்முக்கு விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். அவர் தலையாட்டினார்.

இரண்டாம் நாள் காலை ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுச் சோதனையில் உட்கார்ந்தேன். அது நம் பரோட்டாவின் பணக்காரத் தம்பி; தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு கொடுக்கிறார்கள். முதலில் கூரைத் தண்ணீர் சேரும் பீப்பாய். துத்தநாகம் பயப்படும் அளவில் இல்லை. தாமிரம் இல்லவே இல்லை. இலை ஊறிய பீப்பாய், அதுவும் சுத்தம். மீன் தொட்டிக்கு வந்தேன். தாமிரத்துக்கான சொட்டு மருந்தை விட்டதும் குப்பியில் நிறம் ஏறியது. அடுத்த தொட்டி, அதற்கடுத்த தொட்டி, எல்லாவற்றிலும் ஏறியது. மனிதர்கள் குடித்தால் ஒன்றும் ஆகாத அளவுதான். மீன் முட்டைக்கு அது தாராளம்.

பீப்பாயில் இல்லாத தாமிரம் தொட்டியில் இருக்கிறது. அப்படியானால் அது தொட்டிக்குள் இருக்கும் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது. பலகையிலிருந்த என் கூரைப் படத்தை நானே அழித்தேன்.

"தொட்டிக்குள் என்ன இருக்கிறது?" என்றார் லிம்.

"இலை. பாசி. மீன்" என்றாள் அஸ்லினா. கொஞ்சம் தயங்கி, "குகை" என்றாள்.

"குகையாக இருக்க முடியாது" என்றேன். "அது வெறும் மண். எங்கள் ஊர் மண். என் அம்மா செய்தது."

அவள் மறுத்துப் பேசவில்லை. அவளுடைய கையைப் பற்றி ஊரே பேசியபோதும் அவள் அப்படித்தான் பேசாமல் எழுந்து போனாள் என்பது நினைவுக்கு வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. "பயன்படுத்தாத குகை மிச்சம் இருக்கிறதா? கொண்டு வா, நிரூபிக்கிறேன்" என்றேன்.

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள். முதல் வேக்காடு முடிந்த உருப்படியை எங்கள் பேட்டையில் பிஸ்கட் என்போம். அது வெறும் மண்ணா, பூச்சு ஏறியதா என்று பார்க்க யாரும் கருவி தேடுவதில்லை. நாக்கில் வைப்பார்கள். வெறும் மண் ஈரத்தை உறிஞ்சி நாக்கைப் பிடித்துக்கொள்ளும். பூச்சு இருந்தால் வழுக்கும். அம்மாவும் பக்கத்துப் பெண்களும் பேசிக்கொண்டே நாக்கை நீட்டி நீட்டிப் பொம்மைகளைப் பிரிப்பதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன்.

குகையை வாயருகே கொண்டுபோய் அதன் முதுகை நக்கினேன். லிம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். குகை நாக்கில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்து, "பார்த்தீர்களா? ஒட்டுகிறது. பூச்சு இல்லை" என்றேன். வெற்றி பெற்றவள் போலத்தான் சொன்னேன்.

"உள்ளே?" என்றாள் அஸ்லினா.

"என்ன?"

"முட்டை உள்ளேதானே இருக்கிறது. உள்ளே எப்படி என்று தெரியுமா?"

வாசல் சின்னது. நாக்கு போகாது. விரலை விட்டேன். விரல் வழுக்கியது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் வெளியே போய்க் குகையைப் படிக்கல்லில் தட்டி உடைத்தேன். ஓட்டின் வெளிப்புறம் பழுப்பு. உட்புறம் மெல்லிய பச்சையாக, கண்ணாடி போலப் பளபளத்தது. எங்கள் பேட்டையில் பச்சை நிறத்துக்குச் சேர்ப்பது தாமிரம். உட்பக்கத்தை நாக்கில் வைத்தேன். ஒட்டவில்லை.

லிம்மிடம் ஓட்டை நீட்டி, "உங்கள் தண்ணீரில் தவறில்லை. கூரையில் தவறில்லை. அஸ்லினாவின் கையில் தவறில்லை. இது எங்கள் வீட்டிலிருந்து வந்திருக்கிறது" என்றேன். சொல்லும்போது முகம் சூடாகத்தான் இருந்தது. ஆனால் கண்டுபிடிக்க வந்தேன், கண்டுபிடித்துவிட்டேன். அவர் ஓட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிக அழகான பச்சை" என்றார். பிறகு வாரக் கடைசிக்குப் பேசிவைத்திருந்த வண்டியை வேண்டாமென்று சொல்லத் தொலைபேசியை எடுத்தார்.

நான் அம்மாவைக் கூப்பிட்டேன். பின்னால் அச்சுத் தட்டும் சத்தம் கேட்டது.

"யம்மா, அந்த மீன் குகைக்கு உள்ள கிளேஸ் வுட்டியா?"

"ஆமாம் பாப்பா. ஏன், நல்லா இருக்குதாமா?"

"கலர் வேணாம்னு சொன்னேன் இல்ல?"

"வெளிய ஒண்ணும் பூசலியே. உள்ளதான் லேசா வுட்டேன். முட்ட ஒட்டுற எடம்னு சொன்ன இல்ல, சொரசொரன்னு இருந்தா குஞ்சுக்கு உறுத்தாதா? இன்னா ஆச்சு பாப்பா?"

"முட்டையெல்லாம் செத்துப்போச்சும்மா. அந்தத் தண்ணி புளிப்புத் தண்ணி."

அச்சுச் சத்தம் நின்றது. எழுந்து வெளியே வந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

"புளிப்புத் தண்ணின்னு நீ சொல்லவே இல்லியே" என்றாள்.

"நீயும் கிளேஸ் வுட்டேன்னு சொல்லலியே."

"உன்னிய நம்பித்தான அவங்க வாங்கினாங்க. திட்டுனாங்களா?"

"இல்லம்மா."

"திட்டுனா எங்கம்மா செஞ்சதுன்னு சொல்லு. நான் பேசிக்கிறேன்."

எந்த மொழியில் பேசிக்கொள்வாள் என்று நான் கேட்கவில்லை. பேசிவிடுவாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மூன்றாம் நாள் முழுக்க வேலை. குகைகளை எடுத்தோம், தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்றினோம். எடுத்த இடத்தில் உடனே ஏதாவது வைக்க வேண்டும். செல்வம் அண்ணன் ஊருக்குள் போய் லெமாங் செய்கிறவர்களிடமிருந்து மெல்லிய மூங்கில் கொண்டு வந்தார். மூங்கிலுக்குள் அரிசியும் தேங்காய்ப்பாலும் ஊற்றி நெருப்பில் சுடுகிற பண்டம் அது. "அரிசி வேகுற எடத்துல மீனு குடும்பம் நடத்தட்டும்" என்று சொல்லிக் கணு கணுவாக அறுத்துக் கொடுத்தார். கொதிக்கவைத்து, தண்ணீரைச் சோதித்து, தாமிரம் இல்லையென்று பார்த்த பிறகே தொட்டியில் இறக்கினோம்.

கடைசியாக, செத்த முட்டைகளைக் காவல் காத்த அந்த ஆண் மீனின் குகை. அஸ்லினா அதை மட்டும் எடுக்காமல் விட்டுவைத்திருந்தாள். நான் தூக்கியபோது மீன் வெளியே வரவில்லை. குகையோடு சேர்ந்து தண்ணீரின் மேல்மட்டம் வரை வந்தது. அஸ்லினா கையைத் தண்ணீருக்குள் விட்டு வாசலுக்குக் கீழே குழிவாகப் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். மீன் இறங்கி அவள் உள்ளங்கையில் நின்றது. அவள் கையை மெல்ல மூங்கில் வரை நகர்த்திப் போய் விட்டாள். உணவுக்கூடத்துப் பெண்களில் ஒருத்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கை சூடா, குளிர்ச்சியா?" என்று அவளிடம் கேட்கச் சொன்னேன் செல்வத்திடம். அவர் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டில் அஸ்லினாவின் தட்டில் மீன் துண்டு ஒன்று கூடுதலாக இருந்தது.

ஒரு வாரம் கழித்துக் கிளம்பும் நாளில் சுற்றியிருந்தவர்களுக்குப் பொருளங்கா உருண்டையைப் பகிர்ந்தேன். லிம் கடிக்க முயன்று தோற்று, வாயில் ஒதுக்கிக்கொண்டார். "மண் குகை மறுபடி அனுப்புவீர்கள்தானே? மூங்கில் சீக்கிரம் அழுகிவிடும்" என்றார், கன்னம் புடைக்க. வேறு யாரிடமும் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. உடைந்த பச்சை ஓட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

திருச்சியில் இறங்கி வேப்பூருக்குப் பஸ் ஏறினேன். என் இருக்கையில் ஒரு சேவல் உட்கார்ந்திருந்தது. அதன் உரிமையாளர் எங்கள் மாவட்டத்து மங்களூரில் இறங்கப்போகிறவராம், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க, அது யாரையும் கொத்தாதுங்க" என்றார். கொத்தியது. சதுப்புச் சேற்றையும் சுங்கத்தையும் தாண்டி வந்தவளுக்கு நெடுஞ்சாலையில் ஒரு சேவலிடம் காயம். வேப்பூரில் இறங்கி டீ சொல்லி நின்றபோது அஸ்லினாவிடமிருந்து ஒரு படம் வந்தது. மூங்கில் கணுவின் கூரையில் முட்டைகள். காவலுக்கு, செத்த முட்டைகளைக் காத்த அந்தக் கோட்டுக்காரனே நிற்கிறான். கீழே எழுதியிருந்தாள்: "முன்பெல்லாம் இந்நேரம் வெளுத்துவிடும். இவை கண்ணாடி போல இருக்கின்றன. உள்ளே வால் அசைகிறது." டீ ஆறியபிறகுதான் குடித்தேன்.

வீட்டுக்குப் போகாமல் நேரே பேட்டைக்குப் போனேன். அம்மா மண் கையோடு எழுந்து வந்தாள். எப்படி இருந்தது, என்ன சாப்பிட்டாய் என்று எதுவும் கேட்கவில்லை. "எடுத்தாந்தியா?" என்றாள். கைக்குட்டையைப் பிரித்து ஓட்டைக் கொடுத்தேன். பச்சைப் பக்கத்தை நாக்கில் வைத்தாள், எடுத்தாள். "ஒட்டல" என்றாள். படத்தைக் காட்டினேன். முட்டைக்குள் தெரியும் வாலை அவளுக்குப் பெரிதாக்கிக் காட்டினேன். திரையில் மண் அப்பியது.

"உறுத்தல போல" என்றாள்.

பலகைமேல் புதுக் குகைகள் வரிசையாக இருந்தன. வேண்டுமென்றே நடுவில் வெட்டிய அரைக் குகை ஒன்றும் சூளையிலிருந்து வந்திருந்தது. உள்ளே பூச்சு இல்லை. ஈரமாக இருக்கும்போதே கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தாள். உறுத்தும் என்பதை அவள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

"உள்பக்கத்துல வச்சுக் காட்டும்மா" என்றேன்.

அரைக் குகையைத் திருப்பி உட்பக்கத்தை நாக்கில் அழுத்தினாள். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே கையை எடுத்தாள். அது விழவில்லை. நாக்கில் தொங்கியது. பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. நான் அதை அப்படியே படம் பிடித்து அஸ்லினாவுக்கு அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. அவளுக்குப் புரியும்.